ஊவாத் தோட்டப் பாதைகளும் துவிச்சக்கர வண்டியும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, சமயம், மொழி, கல்வி ஆகிய பெரும் பொருள்களைப் பற்றி எழுதத் தக்கார் பலர் நம்மிடையே உளர் என்பதும், அவர்கள் எழுதி முடித்தபின் எனக்கென எஞ்சுவது துவிச்சக்கர வண்டி ஒன்றே என்பதும் நினைவுக்கு வந்தன. "இதுவும் ஒரு விஷயமா?" எனச் சிலர் நகைக்கக்கூடும். கல்லூரியில் நான் பெற்ற கணிதப் புள்ளிகளை அறிந்தவர்கள் நகையார். வேறு எதைப் பற்றியும் எழுத எனக்கு உரிமையில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களினூடே செல்லும் சிறு பாதைகள், அவசரமின்றி வண்டி மிதித்துச் செல்வார்க்கு இந்நாட்டில் வேறெங்கும் கிடைத்தற்கரிய வழிகள் என்பது என் துணிபு. மலைநாட்டிற் சைக்கிளா என யாழ்ப்பாணத்து நண்பர்கள் வியப்பர். அவர்களுடைய ஊரில் நிலம் பலகை போலக் கிடக்கும். எதிர்க்காற்று ஒன்றே அவர்கள் அறிந்த ஏற்றம். எங்கள் மலைகளைக் கண்டு அவர்கள் அஞ்சுவது இயல்பே. ஆயினும் மலைப்பாதையெல்லாம் செங்குத்தன்று. கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும் இப்பாதைகளைத் திறந்தவர்கள் மாட்டு வண்டியை மனத்திற் கொண்டே திறந்தார்கள். புகையிரதம் அப்புத்தளையை 1893இலும் பண்டாரவளையை 1894இலும் அடைந்தது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று. அதுவரை இப்பக்கத்துத் தோட்டங்களின் மூட்டைகளும் பெட்டிகளும் மாட்டின் கழுத்தை நம்பியே இறங்கின. அரிசி மூட்டைகள் அவ்வாறே ஏறின. பாரம் இழுக்கும் மாடு ஓரளவுக்குமேற் செங்குத்தாக ஏறாது. ஆகவே பாதை மலையை நேரே தாக்காமல் அதன் இடுப்பைச் சுற்றிச் சுற்றிச் செல்லும். மாட்டுக்கு இசைந்த ஏற்றம் மனிதனின் முழங்காலுக்கும் இசையும்.

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 44 அடிக்கு ஓர் அடி வீதம் ஏறுவது என்றும், தெமோதரையில் அது ஒரு வளையமிட்டுத் தன் நிலையத்தின் அடியிலேயே நுழைந்து செல்கின்றது என்றும் நாம் பள்ளியிற் படித்திருக்கின்றோம். அதனை அமைத்த பொறியியலாளரைப் பற்றி நூல்கள் உண்டு. தோட்டப் பாதைகளில் மண் வெட்டிக் கல் சுமந்தவர்களைப் பற்றி எந்த நூலிலும் ஒரு பெயரை நான் கண்டதில்லை. அவர்கள் நம்மிற் பலருடைய பாட்டன்மார், பாட்டிமாரும் கூட.

நிற்க. ஏற்றத்தைப் பற்றிய அச்சம் ஒரு காலத்தில் நியாயமானதே. என் தந்தையார் பசறை வீதிக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தராக இருந்தார். கல்லூரிக்குச் சென்று வருவதற்கென அவர் வாங்கித் தந்த பழைய றலி வண்டி, நான் இரண்டு கைகளாலும் தூக்க முயன்று தோற்ற ஒரு பொருள். முன் பற்சக்கரத்தில் 44 பற்கள், பின்னே 18. அதாவது மிதி ஒரு தரம் சுற்றினாற் பின் சக்கரம் ஏறத்தாழ இரண்டரைத் தரம் சுற்றும். சமதரையில் இது காற்றாய்ப் பறக்கும்; ஏற்றத்திலோ மலையையே மிதித்துத் தள்ளுவது போலிருக்கும். காலையில் தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்க அரை மணி. மாலையில் ஏறுவதற்கு இரண்டு மணி, அதிற் பாதி வண்டியைத் தள்ளிக்கொண்டு. இக்காலத்து மலை வண்டிகளில் முன்னே 32 பற்களும் பின்னே 34 அல்லது அதற்கு மேற்பட்ட பற்களும் உள்ள சக்கரங்களைப் பொருத்துகின்றனர். மிதி ஒரு சுற்றுச் சுற்றினாற் பின் சக்கரம் ஒரு சுற்றுக்கும் குறைவாகவே செல்லும். வேகம் நடையை விடச் சிறிதே கூடுதல். ஆனால் இறங்கித் தள்ளவேண்டியதில்லை. அறுபதைக் கடந்த நான் இன்று ஏறும் ஏற்றங்கள் பதினைந்து வயதில் நான் தள்ளிச் சென்றவை என்று சொன்னால், அது என் உடல் வலியைப் பற்றிய தற்புகழ்ச்சியன்று, பற்சக்கரத்தைப் பற்றிய செய்தி.

எந்த வழியே செல்வது என்று கேட்பார்க்கு நான் முதலிற் சொல்வது நமுனுகுலை மலையைச் சுற்றி வரும் வழியை. 2,036 மீற்றர் உயரமுள்ள அம்மலை நம் கல்லூரி நாட்களில் வானிலை அறிக்கையாக விளங்கியது. அதன் தலையில் முகில் இறங்கினாற் குடை, இல்லையெனிற் குடையில்லை. விடியுமுன் பதுளையிலிருந்து புறப்பட்டுப் பசறையை அடையவேண்டும். இது செங்கலடி வரை செல்லும் பெருவீதியாதலாற் பொழுதேறினால் லொறிகளும் பஸ்களும் நிறைந்துவிடும். பசறையில் ஒரு தேநீரும் பாணும் உட்கொண்டு நமுனுகுலைப் பாதையிற் திரும்பினால், அதன்பின் உலகம் வேறு. வளைவுக்கு வளைவு தேயிலை, நிழல் மரங்கள், பீலியில் விழும் நீரின் ஓசை, எங்கோ மேலே கொழுந்து பறிப்போர் ஒருவரையொருவர் அழைக்கும் குரல். தொழிற்சாலை ஒன்றைக் கடக்கும்பொழுது வாடுகின்ற கொழுந்தின் மணம் பாதையை மறித்து நிற்கும். அம்மணத்தை நுகர்ந்ததும் என் தந்தையாரின் காற்சட்டையும் நினைவுக்கு வரும். மோட்டார் வண்டியிற் செல்வோர் இதனை அறியார். அவர்கள் கண்ணாடியை ஏற்றிவிடுகின்றனர்.

நமுனுகுலையைக் கடந்து எல்லப் பக்கம் இறங்கியதும் அமைதி குலைந்துவிடும். 1921இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம்பிடிக்க வருவோரின் கூட்டம் அங்கே பெரிது. அவர்களைக் குறை கூறேன், பாலம் அழகியதே. அங்கிருந்து தெமோதரை, ஹாலிஎல வழியாகப் பதுளைக்குப் பெரும்பாலும் இறக்கம். 1,041 மீற்றரில் உள்ள எல்லவிலிருந்து 680 மீற்றரில் உள்ள பதுளைக்கு மிதியாமலே பெருந்தூரம் வரலாம். தடைக்கட்டைகளைப் புறப்படுமுன் சோதித்துக்கொள்க. இதனை நான் அனுபவத்தாற் கூறுகின்றேன். சான்று என் இடது முழங்கையில் இருக்கின்றது.

அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைக்குச் செல்லும் பாதை பெயர் பெற்றது. லிப்டன் துரை 1890இற் கட்டிய தொழிற்சாலையும், அதற்கு மேல் ஏறத்தாழ 1,970 மீற்றர் உயரத்தில் அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்வையிட்டார் எனப்படும் இடமும் அவ்வழியில் உள்ளன. வானம் தெளிந்த காலையிற் தெற்கே தாழ்நாடு முழுவதும் காலடியில் விரியும். மடூல்சீமைப் பக்கம் இத்துணைப் பெயர் பெறவில்லை. அதனாலேயே எனக்கு அது விருப்பம். பசறையிலிருந்து ஏறி, மடூல்சீமையையும் கடந்து பிட்டமாறுவை வரை சென்றால், மலை திடீரென முடிந்து கிழக்கே சமவெளி தொடங்குவதைக் காணலாம்.

பருவத்தைப் பற்றி ஒரு சொல். மேற்கு மலைச்சரிவுகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆடி, ஆவணி மாதங்களில், மழையை அப்பால் இறக்கிவிட்டு வரும் வறண்ட கச்சான் காற்று ஊவாவில் வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகப் பெயர் வாங்கித் தந்த மணம் அக்காற்றில் விளைவதே. வண்டியோட்டிக்கும் அதுவே பருவம். அப்புத்தளைக் கணவாயில் மட்டும் தொப்பியைப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை வடகீழ்ப் பருவம். அக்காலத்திற் செல்லாதிருப்பது நன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதையும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் நம் மாவட்டத்திற்கு இழைத்ததையும் இம்மலரைப் படிப்போர்க்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. புயலுக்குப்பின் எந்தப் பாதை திறந்துள்ளது, எது மூடியுள்ளது என்பதை ஊராரிடம் கேட்டறிந்தே புறப்படவேண்டும்.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் இஃது ஓர் உல்லாசப் பிரயாணக் கட்டுரையாக முடிந்திருக்கும். மூன்று ஆண்டுகளுக்குமுன் நிகழ்ந்த ஒன்றே என்னை மேலே எழுதத் தூண்டுகின்றது. பழைய மாணவர் நால்வர் ஒரு தோட்டப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரமாக எங்களை எந்த வாகனமும் கடக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த நண்பர் பூரித்துப்போய், "எவ்வளவு அமைதி! இதுவல்லவா பாதை!" எனச் சிலாகித்துக்கொண்டு வந்தார். பீலி ஒன்றினருகே தண்ணீர் குடிக்க இறங்கினோம். அங்கே குடத்துடன் நின்ற அம்மையார் ஒருவர் எங்கள் வண்டிகளையும் தலைக்கவசங்களையும் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "எங்கேங்க போறீங்க?" என்று கேட்டார். சும்மா பார்க்க வந்தோம், இந்தப் பாதை மிகவும் அமைதியாக இருக்கின்றது என்றார் நண்பர்.

"அமைதியாத்தாங்க இருக்கும். இந்த ரோட்டுல ஒண்ணும் வராதே. பஸ் வந்தா எங்க புள்ள நாலு கட்டை நடக்குமா?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு லயத்தை நோக்கி நடந்தார். பிற்பகலில் நாங்கள் இறங்கி வருகையில் அந்தப் பிள்ளைகள் எதிரே ஏறிவருவதைக் கண்டோம். வெள்ளைச் சீருடை முழங்கால் வரை செம்மண். ஒரு சிறுமி பாதணியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள், தேய்ந்துவிடும் என்று. கொழும்பு நண்பர் அதன்பிறகு அமைதியைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கோ வேறொருவன் நினைவுக்கு வந்தான். எங்கள் வகுப்பில் லயத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன் இருந்தான். கணிதத்தில் என் புள்ளிகளையும் தன் புள்ளிகளையும் கூட்டினாற் சரியாக நூறு வரும் என்று கேலி செய்வான், அவ்வளவு கெட்டிக்காரன். காலையில் இறக்கத்தில் அவனை என் றலியின் முன் தண்டில் ஏற்றிக்கொண்டு வருவேன். மாலையில் இருவரும் சேர்ந்து தள்ளுவோம். மழைக்காலம் வந்ததும் நான் நகரில் ஓர் உறவினர் வீட்டிற் தங்கிவிடுவேன். அவன் தனியே நடந்தான். ஒன்பதாம் வகுப்பின் நடுவில் வரவு நின்றது. வீட்டு நிலையே காரணம் என்று ஆசிரியர் சொன்னார். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாதையின் நீளம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே, தோட்டப் பாதைகளின் அமைதியைப் புகழுமுன் அது எங்கிருந்து வந்தது என்று ஆராயவேண்டும். அது பாதி மலையின் கொடை. மறுபாதி சட்டத்தின் கொடை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. பாதையில் நடப்பவர் பிரதேச சபைக்கு வாக்களிப்பவர். ஆனால் அவர் நடக்கும் பாதை சபையின் பாதையன்று. சபையைக் கேட்டால் தோட்டத்தைக் கேள் என்பர். தோட்டத்தைக் கேட்டால் நட்டக் கணக்கைக் காட்டுவர். தோட்டங்களோ 1970களில் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் கம்பெனிகளின் முகாமைக்குச் சென்றன. பாதை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்து குழி விழுந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. முப்பத்தோர் ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம். தடை நீங்கியது வேறு, தார் விழுவது வேறு என்பதை அப்பாதைகளில் ஒரு நாள் வண்டியோட்டினால் முதுகெலும்பே எடுத்துரைக்கும்.

இத்தாலி நாட்டின் தொஸ்கானா மலைப்புறத்தில் நடந்த ஒரு காரியத்தை இங்கே ஒப்பிட விரும்புகின்றேன். அங்கே சீயெனா நகரைச் சூழ்ந்த திராட்சைத் தோட்டங்களுக்கிடையே தார் போடாத வெண்மண் பாதைகள் உண்டு. அவை ஒவ்வொன்றாகத் தாருக்கடியில் மறைவதைக் கண்ட ஊரார் சிலர், அவற்றைக் காக்கும் பொருட்டு 1997இற் கையோலே என்னும் சிற்றூரிலிருந்து ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணத்தைத் தொடங்கினர். லெரோய்க்கா என்பது அதன் பெயர். வீரம் செறிந்தது என்று பொருள்படும். முதலாண்டில் வந்தவர் 92 பேர், பின்னர் ஆயிரக்கணக்கானோர். பந்தயமன்று, பரிசுமில்லை. 1987க்கு முன் செய்யப்பட்ட பழைய வண்டிகளுக்கே அங்கு மதிப்பு. (அதே 1987இல் நாம் செய்தது மேலே கூறிய சட்டம்.) வண்டிகள் ஓடியமையாற் பாதைகளுக்கு மதிப்பு வந்தது, மதிப்பு வந்தமையால் அவை பேணப்பட்டன.

இதிலிருந்து நாமும் நம் பாதைகளை மண்ணாகவே வைத்திருக்கவேண்டும் எனச் சொல்ல முற்படுவாரும் உளர். சென்ற சில ஆண்டுகளிற் கண்டி தொடங்கி அப்புத்தளை, எல்ல வழியாக நுவரெலியா வரை முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைவழி ஒன்று பீக்கோ வழி என்ற பெயரில் வகுக்கப்பட்டபின் இவ்வெண்ணம் வலுத்துள்ளது. அந்நடைவழியை நான் வரவேற்கின்றேன். பழைய தோட்டப் பாதைகளுக்கு ஒரு பெயரேனும் கிடைத்ததே. ஆனால் தொஸ்கானாவில் மண்பாதையை விரும்பியவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி செல்ல வேறு பாதை இருந்தது. அவர்களுக்கு மண்பாதை ஒரு தெரிவு. நம் தோட்டத்துப் பிள்ளைக்கு வேறு பாதை இல்லை. என் போன்றோர் ஆண்டிற்கு நான்கு நாள் அனுபவிக்கும் அமைதிக்காக அப்பிள்ளை ஆண்டு முழுவதும் சேற்றில் நடப்பது முறையன்று. தார் விழட்டும், பஸ் வரட்டும். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஓடும் பஸ், எந்த வண்டியோட்டியின் அமைதியையும் குலைத்துவிடாது. அப்படியே குலைத்தாலும் ஓரமாக நின்று வழிவிடுவோம்.

அங்ஙனமாயின் வண்டிக்கு இதில் என்ன வேலை என வினவலாம். இரண்டு வேலைகள் உண்டென எண்ணுகின்றேன். முதலாவது, பாதையைக் கண்டவர்களே பாதைக்காகப் பேசுவர். நம் சங்கத்தில் பொறியியலாளர் உளர், வழக்கறிஞர் உளர், மாகாண நிருவாகத்தில் இருந்து ஓய்வுபெற்றோர் உளர். தாம் படித்த வகுப்பறைக்கு மின்விசிறி வாங்கித் தர அவர்கள் தயங்குவதில்லை. அந்த வகுப்பறைக்குப் பிள்ளை வந்து சேரும் வழியை அவர்களிற் பலர் கண்டதில்லை. மோட்டார் வண்டியிற் சென்றாற் குழி ஒரு குலுக்கல். துவிச்சக்கர வண்டியிற் சென்றால் அதன் ஆழமும் அகலமும் தெரியும், மதகு எங்கே அடைத்துள்ளது என்பதும் தெரியும். 2018க்குப்பின் சபையிடம் மனுக் கொடுக்கச் சட்டம் இடந்தருகின்றது. எந்த வளைவில் எத்தனை முழம் என்று எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும்.

இரண்டாவது, கல்லூரியில் ஒரு வண்டிக் கொட்டில். புதியன வேண்டியதில்லை; பழைய மாணவர் வீடுகளில் உறங்கும் பல்கியர் வண்டிகள் இருபது கிடைத்தாற் போதும். தொலைவிலிருந்து நடந்துவரும் மேல்வகுப்பு மாணவர்க்குத் தவணை முறையில் இரவலாகக் கொடுத்து, பழுது பார்க்க ஒரு கடைக்காரருடன் ஒழுங்கு செய்யலாம். மாணவியர்க்கும் சமமாகக் கொடுக்கவேண்டும் என்பதை வற்புறுத்துகின்றேன்; நடக்கும் தூரம் அவர்களுக்குக் குறைவன்று. தடைக்கட்டையும் விளக்கும் தலைக்கவசமும் இன்றி ஒரு வண்டியும் வெளியே போகக்கூடாது. இது பஸ்ஸுக்கு ஈடாகுமா என்றால், ஆகாது. சிறு பிள்ளைக்கும் நோயாளிக்கும் சக்கரம் இரண்டு போதா. பஸ் வரும்வரை ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் நின்றுவிடாமலிருக்க இது உதவக்கூடும். நான் கேட்பது அவ்வளவே.

செயலாளரிடம் இதைப் பேசியபோது, முதலில் நீர் ஒரு பயணத்தை நடத்திக் காட்டும் என்றார். நியாயமான சொல். வரும் ஆவணியில் ஒரு சனிக்கிழமை, காலை ஐந்தரை மணிக்குக் கல்லூரி வாயிலிலிருந்து புறப்பட எண்ணியுள்ளோம். வழி, பசறை, நமுனுகுலை, தெமோதரை. இயலாதவர் பசறையோடு திரும்பலாம். பழைய மாணவர், மாணவர், ஆசிரியர் எவரும் வரலாம்; பந்தயம் கிடையாது, தள்ளுவது இழுக்குமன்று. ஒரு குறிப்புப் புத்தகமும் அளவு நாடாவும் நான் கொண்டு வருவேன். காற்றடிக்கும் பம்பை மட்டும் அவரவர் கொண்டுவருக. சென்ற முறை நால்வருக்கும் ஒன்றே இருந்தது, அதுவும் ஓட்டை.